அருந்ததி மண்டபக் கூரையில இல்ல, வசிஷ்டர் பக்கத்துல இருக்காங்க

 முருகன் துணை.

நம்ம கோயில் கல்யாணங்கள்ல அம்மி மிதிச்சு முடிஞ்சதும் குருக்கள் "அருந்ததி பாருங்க"ன்னு சொல்வார். மணி காலை பத்து. மாப்பிள்ளையும் பொண்ணும் மண்டபக் கூரையை அண்ணாந்து பார்ப்பாங்க. பக்கத்துல நிக்கிற பிள்ளைங்க, "பகல்ல ஏது நட்சத்திரம்?"னு சிரிப்பாங்க. தொண்டு செய்ற எங்ககிட்டயும் பலர் கேட்டுட்டாங்க. கேள்வி நியாயமானதுதான். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

முதல்ல, இது பகல்ல செய்ற சடங்கே இல்ல. ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரத்துல, இரவுல துருவன், அருந்ததி, சப்தரிஷிகள் மூணையும் மணப்பெண் பார்க்கணும்னு இருக்கு. நாம எல்லாத்தையும் பகல் முகூர்த்தத்துலயே முடிக்கிறதால இதுவும் பகலுக்கு வந்துடுச்சு.

வடக்கு வானத்துல ஏழு நட்சத்திரம் அகப்பை மாதிரி நிக்கும். அதுதான் சப்தரிஷி மண்டலம். வராகமிகிரர் பிருஹத் சம்ஹிதையில கிழக்குல இருந்து வரிசையா பேர் சொல்றார்: மரீசி, வசிஷ்டர், அங்கிரஸ், அத்ரி, புலஸ்தியர், புலஹர், கிரது. முதல் மூணு பேர் அகப்பையோட காம்பு, மத்த நாலு பேர் குழி. வசிஷ்டரை ஒட்டி மங்கலா ஒரு சின்ன நட்சத்திரம் தெரியும். அதுதான் அருந்ததி. சங்க காலத்துலயே நம்ம முன்னோர் இந்த ஏழையும் எழுமீன்னும், அருந்ததியை வடமீன்னும் சொன்னாங்க. புறநானூற்றுலயும் சிலப்பதிகாரத்துலயும் கற்புக்கு உவமை அந்த வடமீன்தான்.

இதே நட்சத்திரங்களை மத்தவங்களும் பார்த்திருக்காங்க. கிரேக்கர்களுக்கு இது கரடி. கலிஸ்டோ என்ற பெண்ணை ஹீரா தேவி கோபத்துல கரடியா மாத்திட்டா, சீயஸ் அவளை வானத்துல வச்சார்னு கதை. அரபுக்காரங்க குழியில இருக்கிற நாலையும் சவப்பெட்டின்னும், காம்புல இருக்கிற மூணையும் பின்னால அழுதுட்டு போற மகள்கள்னும் சொன்னாங்க. மலாய்க்காரங்களுக்கு இது பீடுக், அதாவது படகு. சீனர்களுக்கு வடக்கு அகப்பை. இங்க பினாங்கு, அம்பாங்ல நடக்கிற ஒன்பது பேரரசர் திருவிழாவுல வணங்குறது இந்த ஏழையும் கூட ரெண்டையும்தான். நம்ம சதபத பிராமணத்துலயும் ஒரு ஆச்சரியம் இருக்கு. சப்தரிஷிகளுக்கு முன்னால ரிக்ஷர்கள்னு பேர் இருந்ததாம். ரிக்ஷம்னா கரடி!

முருக பக்தர்களுக்கு இதுல இன்னும் நெருக்கமான ஒரு கதை இருக்கு. மகாபாரத வனபர்வத்துல, அக்னி மேல ஆசைப்பட்ட ஸ்வாஹா தேவி, ரிஷிபத்தினிகள் ஆறு பேரோட உருவத்தை ஒவ்வொண்ணா எடுத்தாள். ஏழாவது அருந்ததியோட உருவத்தை மட்டும் எடுக்க முடியல. அவங்க தவமும் கற்பும் அப்படி. அதுல பிறந்தவர்தான் கந்தன். தப்பே செய்யாத அந்த ஆறு பத்தினிகளையும் ரிஷிகள் சந்தேகப்பட்டு விலக்கிட்டாங்க. அவங்க முருகன்கிட்ட வந்து நின்னாங்க. முருகன் அவங்களைத் தாயா ஏத்துக்கிட்டு வானத்துல இடம் கொடுத்தார். அவங்கதான் கார்த்திகைப் பெண்கள். அதனாலதான் கார்த்திகை தனியா தூரத்துல நிக்குது, அருந்ததி மட்டும் இன்னும் கணவர் பக்கத்துல.

இதை பொண்ணுங்களுக்கு மட்டும் சொல்ற பாடமா நாங்க பார்க்கல. ஆறு ரிஷிகள் விசாரிக்காம சந்தேகப்பட்டாங்க, ஆறு குடும்பம் பிரிஞ்சது. மாப்பிள்ளையும்தானே அண்ணாந்து பார்க்கிறார்!

விஞ்ஞானத்துலயும் ஒரு செய்தி இருக்கு. வசிஷ்டரை மிசார்னும், அருந்ததியை அல்கோர்னும் சொல்றாங்க. நம்மகிட்ட இருந்து சுமார் 80 ஒளியாண்டு தூரம். ரெண்டும் வானத்துல ஒரே திசையில சேர்ந்தே நகருது. நம்ம கண்ணுக்கு ஒண்ணா தெரியுற வசிஷ்டர் உண்மையில நாலு நட்சத்திரம். அருந்ததி ரெண்டு. ஆக, ஒரு குடும்பமே அங்க இருக்கு.

இங்கிருந்து துருவ நட்சத்திரம் பார்க்கிறது கஷ்டம். பினாங்குல அடிவானத்துல இருந்து 5 பாகை உயரம்தான், சிங்கப்பூர்ல 1 பாகை சொச்சம். ஆனா அருந்ததியை நல்லாவே பார்க்கலாம். மே மாதம் இரவு 9, 10 மணிக்கு வடக்கு பார்த்து நில்லுங்க. கையை நீட்டி முட்டி மடக்கினா, அடிவானத்துல இருந்து மூணு நாலு முட்டி உயரத்துல அகப்பை கவிழ்ந்து கிடக்கும். காம்பு வலது பக்கம். நைட் ஷிப்ட் செய்றவங்க பிப்ரவரியில விடியக்காலை 4 மணிக்கே பார்க்கலாம்.

முதல்ல பளிச்சுன்னு தெரியுற வசிஷ்டரைப் பிடிங்க, அப்புறம் பக்கத்துல தேடுங்க. பெரியதைக் காட்டி நுட்பமானதுக்குக் கூட்டிப் போறதை வேதாந்தத்துலயே ஸ்தூலாருந்ததி நியாயம்னு சொல்வாங்க. பட்டணத்து வெளிச்சத்துல தெரியலன்னா ஒரு பைனாகுலர் போதும்.

இந்த வருஷம் கல்யாணம் முடிச்ச பிள்ளைங்க வீட்டுல இருந்தா, பெரியவங்க ஒரு நாள் ராத்திரி அவங்களை வாசலுக்குக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. குருக்கள் பாதி செஞ்சு வச்சார், மீதி நம்ம கையில.

வேல் வேல்! வெற்றிவேல்!