விளையாடாத ஆறாவது ஆள்: கேம் மாஸ்டரின் 200 வருஷக் கதை

இந்த வாரம் ஒரு வேலையோட வரலாறு. பெரும்பாலும் சம்பளம் கிடையாது, தொண்டை கட்டிக்கும், ஆனாலும் ஆட்கள் லீவு போட்டுட்டு வந்து செய்றாங்க.

அமெரிக்காவுல இண்டியானாபோலிஸ் நகரத்துல வருஷா வருஷம் ஜென் கான்னு ஒரு திருவிழா நடக்குது. மேசையைச் சுத்தி உட்கார்ந்து ஆடுற விளையாட்டுகளுக்கான திருவிழா. 2023-ல் 70,000 பேருக்கு மேல் வந்தாங்க. அங்க ரோல் பிளேயிங் கேம் நடக்கிற மேசையில அஞ்சு பேர் ஆடினா, ஆறாவதா ஒருத்தர் ஆடாம உட்கார்ந்திருப்பார். கதையைச் சொல்றதும், எதிரிகளை நடத்துறதும், தகராறு வந்தா தீர்த்து வைக்கிறதும் அவர்தான். அவர் பேரு கேம் மாஸ்டர். ஒருத்தரை ஒருத்தர் முன்னப்பின்ன பார்த்ததில்ல. ஆனா "உன் ஆள் செத்துட்டான்"னு அவர் சொன்னா அந்த அஞ்சு பேரும் ஏத்துக்கணும். இந்த அதிகாரம் அவருக்கு எப்படி வந்தது?

முதல்ல நம்ம ஊர் விளையாட்டைப் பார்த்துடுவோம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் முழிக்கறதுக்காக ஆடுற பரமபதத்துக்கு இப்படி ஒரு ஆள் தேவையில்ல. பாம்பு எங்க, ஏணி எங்கன்னு எல்லாம் படத்துலயே இருக்கு. செஸ்ஸுக்கு நடுவர் உண்டு. 2022-ல் மாமல்லபுரத்துல நடந்த ஒலிம்பியாட்ல நிறைய நடுவர்கள் வேலை பார்த்தாங்க. ஆனா செஸ் நடுவர் புதுசா எதையும் சொல்றதில்ல, இருக்கிற விதியைக் காப்பாத்துறார், அவ்வளவுதான். குதிரை வலப்பக்கம் போய் ஆத்துல தண்ணி குடிக்கலாமான்னு அவர்கிட்ட யாரும் கேக்க முடியாது.

அந்தக் கேள்வியைக் கேக்க ஆரம்பிச்சவங்க ஜெர்மன்காரங்க. இந்தியாவுல பிறந்த சதுரங்கம் பாரசீகம், அரபு நாடுகள் வழியா ஐரோப்பாவுக்குப் போச்சு. 1780-ல் பிரவுன்ஷ்வைக்ல இருந்த ஹெல்விக்னு ஒரு கணித ஆசிரியர் அதைப் பெருசாக்கி, 1,600-க்கும் அதிகமான கட்டங்கள் வச்சு, நிலம், நீர் எல்லாம் காட்டுற போர் விளையாட்டா மாத்தினார். 1824-ல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் கட்டங்களையே தூக்கிட்டார். அதுக்குப் பதிலா நிஜமான நில வரைபடம். ரெண்டு தரப்பும் உத்தரவை எழுதி நடுவர்கிட்ட கொடுக்கணும். காய் நகர்த்துறது நடுவர்தான். உங்க படை கண்ணுக்கு எது தெரியுமோ அதை மட்டும்தான் அவர் உங்களுக்குக் காட்டுவார். மலைக்குப் பின்னாடி எதிரி நிக்கிறது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. இன்னைக்கு கேம் மாஸ்டர் தன் குறிப்புகளை ஒரு சின்னத் தடுப்புக்குப் பின்னாடி வச்சிருக்காரே, அந்தப் பழக்கத்துக்கு வேர் இங்கதான்னு எனக்குத் தோணுது.

ஆனா ரைஸ்விட்ஸோட விதிகள் ரொம்பக் கனமா இருந்தது. எதுக்கெடுத்தாலும் பகடை, அட்டவணை, கணக்கு. 1876-ல் வெர்டி டு வெர்னுவாங்கிற இன்னொரு பிரஷ்ய அதிகாரி, இதெல்லாம் வேண்டாம், அனுபவசாலியான நடுவர் என்ன சொல்றாரோ அதுதான் முடிவுன்னு ஒரு முறையைக் கொண்டு வந்தார். விதிப்புத்தகத்தோட இடத்துல ஒரு மனுஷனை உட்கார வச்சுட்டார். ராணுவத்துல அது சுலபம். நடுவர் மேலதிகாரி, யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க.

அடுத்த திருப்பம் அமெரிக்காவுல. 1880-ல் டாட்டன்ங்கிற ராணுவ அதிகாரி 'ஸ்ட்ராட்டெகாஸ்'னு ஒரு போர் விளையாட்டுப் புத்தகம் போட்டார். கிட்டத்தட்ட 90 வருஷம் கழிச்சு மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்துல அது டேவிட் வெஸ்லி கையில கிடைச்சது. ஆட்டக்காரர் எதை வேணும்னாலும் முயற்சி பண்ணலாம், அது நடக்குமா நடக்காதான்னு நடுவர் சொல்லணும். இந்த விஷயத்தை அவர் அப்படியே பிடிச்சுக்கிட்டார். 1960-கள் முடியற சமயத்துல, நண்பர்களை வச்சு 'பிரவுன்ஸ்டைன்'னு ஒரு ஆட்டம் நடத்தினார். நெப்போலியன் காலத்து ஜெர்மன் ஊர், படைகள் நெருங்கி வருது. ஆனா எல்லாரும் தளபதி இல்ல. ஊர்க்காரங்களாவும் ஆடலாம்.

இதை நம்ம ஆலங்குளத்தை வச்சு யோசிச்சுப் பாருங்க. தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் இல்லங்க, ராஜபாளையம் பக்கம், 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்த ஆலங்குளம். நீங்க ஆலை மேனேஜர். உங்க ஃபிரெண்டு யூனியன் தலைவர். இன்னொருத்தர் லாரி ஓனர், இன்னொருத்தர் டீக்கடைக்காரர். ஆளுக்கொரு ரகசிய நோக்கம். லாரி ஓனர் "ராத்திரியோட ராத்திரியா ஒரு லோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளப்பிடுறேன்"ங்கிறார். டீசல் இருக்கா? வழியில யார் நிக்கிறாங்க? டீக்கடைக்காரர் போலீசுக்குச் சொல்லிட்டாரா? எந்தப் புத்தகத்துலயும் பதில் இல்ல. மேசைத் தலைமாட்டுல இருக்கிறவர்தான் சொல்லணும்.

வெஸ்லி ஆட்டத்துலயும் இதுதான் நடந்தது. ஆளாளுக்குத் தனியாப் போய் ரகசியம் பேசினாங்க. ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் சண்டைக்குக் கூப்பிட்டாங்க, அதுக்கு விதியே கிடையாது. ஆட்டம் குளறுபடி ஆயிடுச்சுன்னு வெஸ்லி நொந்து போனார். நண்பர்கள் விடல, அடுத்தது எப்போன்னு கேட்டாங்க.

அந்தக் கூட்டத்துல இருந்த டேவ் ஆர்னசன் அதையே மாய உலகத்துக்குக் கொண்டு போய் 'பிளாக்மூர்' ஆட்டத்தை நடத்தினார். அவருக்கும் கேரி கைகாக்ஸுக்கும் நேர்ல பழக்கமானது 1969-ல், ஜென் கான்லதான். அப்போ அது குட்டிக் கூட்டம். 1968-ல் லேக் ஜெனீவாங்கிற சின்ன ஊர்ல 50 டாலர் வாடகைக்கு ஒரு மண்டபத்தைப் பிடிச்சு கைகாக்ஸ் ஆரம்பிச்சது. முதல் வருஷம் வந்தது 100 பேர் வாக்குல. ரெண்டு பேருமா சேர்ந்து 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிட்டாங்க. முதல் பதிப்பு 1,000 பிரதி. அதுல கேம் மாஸ்டருக்கு இருந்த பேரு வெறும் 'ரெஃபரி'.

சிக்கல் அடுத்த வருஷமே வந்தது. 1975-ல் பால்டிமோர்ல ஆரிஜின்ஸ்னு ஒரு பெரிய விளையாட்டுக் கூட்டம். கைகாக்ஸ் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'ங்கிற கதையை அங்க போட்டியா நடத்தினார். போட்டின்னா நிறைய குழுக்கள். ஒரு மேசையில இரக்கப்படுற நடுவர், இன்னொரு மேசையில கறார் நடுவர்னா ஜெயிச்சது யாருன்னு எப்படிச் சொல்றது? அதனால எல்லாருக்கும் அதே கதவு, அதே பொறின்னு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியதாச்சு. 1979 ஆரிஜின்ஸ் போட்டிக்கு எழுதின ஒரு கதை, அடுத்த வருஷம் மதிப்பெண் முறையோடவே அச்சாச்சு. 1980-ல் போட்டிகளை ஒழுங்குபடுத்த ஆர்.பி.ஜி.ஏ-ன்னு ஒரு அமைப்பும் வந்துடுச்சு. பிரஷ்யாவுல விதியிலிருந்து விடுதலை வாங்கின நடுவரை மறுபடியும் காகிதத்துல கட்டிப்போட்டது கூட்டம்தான். எனக்கு இதுல வருத்தம் இல்ல. வீட்டுல நண்பர்களோட ஆடும்போது நடுவர் தப்பு பண்ணினா அடுத்த வாரம் சரி பண்ணிக்கலாம். காசு செலவு பண்ணி ஊர் விட்டு ஊர் வந்தவருக்கு இருக்கறது அந்த நாலு மணி நேரம்தான்.

அந்த நாலு மணி நேரத்துல எழுதி வச்ச கதையையும் முடிக்கணும், பேசவே பேசாத ஒருத்தரையும் உள்ள இழுக்கணும், விதி எல்லாம் மனப்பாடமா ஒப்பிக்கிறவரையும் சமாளிக்கணும். முன்பின் தெரியாதவங்க முன்னாடி கதை எல்லை மீறவும் கூடாது. அதுக்கு ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் ஒரு எளிய வழி கண்டுபிடிச்சார். நடுவுல X எழுதின ஒரு அட்டை. ஒரு காட்சி பிடிக்கலன்னா ஆட்டக்காரர் அதைத் தொட்டா போதும், காரணம் சொல்ல வேண்டாம், கேம் மாஸ்டர் அதை விட்டுட்டு மேல போகணும். மேலதிகாரியோட நாற்காலியில பிறந்த அதிகாரத்துக்கு ஆட்டக்காரர் கையாலயே ஒரு பிரேக்.

இவ்வளவுக்கும் கைம்மாறு என்ன? வழக்கமா, இத்தனை மணி நேரம் மேசை நடத்தினா நுழைவு பேட்ஜ் இலவசம், சில குழுக்கள்ல தங்க இடத்துல பங்கு. ஆசையா செய்ற வேலைக்குக் காசு எதுக்குன்னு ஒரு பக்கம் கேக்குறாங்க. ஆனா அந்த மேசைக்கு டிக்கெட் விக்குது, புத்தகம் விக்கிற கம்பெனிக்கு விளம்பரமும் ஆகுது. பக்கத்துலயே இருக்கிற சீட்டு விளையாட்டான 'மேஜிக்'ல இந்தச் சண்டை கோர்ட் வரைக்கும் போச்சு. நாங்க தன்னார்வலர்கள் இல்ல, ஊழியர்கள்னு சொல்லி 2016-ல் கலிஃபோர்னியாவுல சில நடுவர்கள் கம்பெனி மேல வழக்குப் போட்டாங்க. கேம் மாஸ்டர்கள்லயும் இப்போ ஆன்லைன்ல ஆளுக்கு இவ்வளவுன்னு கட்டணம் வாங்கி ஆட்டம் நடத்துறவங்க இருக்காங்க. கூட்டங்கள்ல மட்டும் இன்னும் பேட்ஜ்தான்.

நீங்க அந்த நாற்காலியில உட்கார்ந்தா காசு கேப்பீங்களா, மாட்டீங்களா? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறோம்.