கூடத்து லட்சுமி

எங்கள் பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது, கூடத்தில் மாட்டியிருந்த லட்சுமி படம் தம்பியின் பங்குக்குப் போயிற்று. தாமரை மேல் நிற்கும் தேவி, பக்கத்தில் மாலையோடு யானை. உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும். கீழே ரவி வர்மா பெயர் இருந்ததால், "அசல் ஆயில் பெயின்டிங், லட்சக்கணக்கில் போகும்" என்று ஒரு தரகர் தம்பியிடம் சொல்லிவிட்டார். அவனும் நம்பி, ஊஞ்சல், பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றையும் பெரியண்ணாவுக்கே விட்டுக்கொடுத்தான். பெண்ணின் கல்யாணச் செலவுக்கு ஆயிற்று என்பது அவன் கணக்கு.

"தபால் தலை பார்க்கிற லென்ஸை எடுத்துக்கிட்டு வாங்கண்ணா" என்று கூப்பிட்டான். போனேன்.

ரவி வர்மா 1848-ல் கிளிமானூரில் பிறந்தவர். அவர் தைல வண்ணத்தில் வரைந்தவை ராஜாக்களுக்கும் பணக்காரர்களுக்கும்தான் எட்டின. அவற்றை அச்சிட்டால் ஜனங்களிடம் போய்ச் சேருமே என்று யோசனை சொன்னவர் நம் கும்பகோணத்தில் பிறந்த திவான் சர் டி. மாதவராவ். 1894-ல் பம்பாயில் அச்சகம் வந்தது. பிறகு லோனாவாலா பக்கம் மளவ்லிக்கு மாறியது. கடன் தாங்காமல் அதை ஷ்லெய்கர் என்ற ஜெர்மானியரிடம் விற்றார். 1906-ல் ரவி வர்மா காலமான பிறகும் அச்சகம் அதே பெயரில் ஓடியது. மற்றவர்கள் வரைந்ததையும் அச்சிட்டது. ஆகவே அச்சகத்தின் பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது.

படத்தைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தோம். பின்னால் தடித்த காகிதம். அது மட்டும் போதாது. சில பிரதிகளில் துணி போன்ற வரிகளை அழுத்தி, வார்னிஷும் பூசி, கித்தானில் வரைந்தது போலவே செய்திருப்பார்கள். லென்ஸை வைத்தால்தான் குட்டு வெளிப்படும். தூரிகை இழுத்த தடமே இல்லை. தேவியின் கன்னம் முழுக்கப் பொடிப் பொடியாகப் புள்ளிகள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்று அடுத்தடுத்து அச்சிடுவார்கள். சேலை ஓரத்தில் சிவப்பு ஒரு நூல் அளவு விலகியிருந்தது.

ஒரு ஆறுதல். புள்ளிகள் தாறுமாறாக இருந்தன. இன்றைய ஆப்செட் நகல் என்றால் கோலப் புள்ளி மாதிரி வரிசையாக நிற்கும். ஆக இது பழைய கல்லச்சுதான். சேகரிப்பவர்கள் வாங்குவார்கள்; ஆனால் கல்யாணச் செலவுக்குக் காணாது. அசல் ஓவியத்தின் கதையே வேறு. 1979 முதல் அவை தேசியக் கலைப் பொக்கிஷம், நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

சொன்னேன். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பெரியண்ணாவிடம் போய் நான் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தான். அப்புறம் தேவியின் சேலையில் ஒட்டியிருந்த ஜரிகையைத் தடவிப் பார்த்தான். அது அம்மா தன் பழைய கூறைப்புடவையிலிருந்து வெட்டி ஒட்டியது.

"பார்த்து மாட்டுங்கண்ணா, ஜரிகை உதிருது" என்றான்.