டேவிஸ் ஏரி பைக் மீன் ஒழிப்பு

டேவிஸ் ஏரி பைக் மீன் ஒழிப்பு என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஒரு மலை நீர்த்தேக்கத்திலிருந்து அயல்மீனான வடபைக்கை அகற்ற 1997 முதல் 2007 வரை நடந்த முயற்சிகளைக் குறிக்கும். முதல் முயற்சி தோல்வியடைந்தது. பத்தாண்டு கழித்து மேற்கொள்ளப்பட்ட இரண்டாவது முயற்சி வென்றது.

அமைவிடம்

சியரா நெவாடா மலைத்தொடரில், புளூமாஸ் மாவட்டத்தின் போர்டோலா என்ற சிற்றூருக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,760 மீட்டர் உயரத்தில் இந்த நீர்த்தேக்கம் உள்ளது. பிக் கிரிஸ்லி ஓடையின் குறுக்கே 1960களில் கட்டப்பட்ட அணையால் இது உருவானது. முழுக் கொள்ளளவு சுமார் 3.7 டி.எம்.சி. குளிர்காலத்தில் நீர்ப்பரப்பு பனிக்கட்டியாக உறையும். டிரவுட் மீன்பிடிப்பும் அதை நாடிவரும் சுற்றுலாவும் போர்டோலாவின் வருவாய்க்கு முதன்மை ஆதாரங்கள்.

அச்சுறுத்தல்

வடபைக் பிற மீன்களை வேட்டையாடி உண்பது. இளவேனிலில் பனி உருகியவுடன், புல் மூழ்கிய ஆழமற்ற கரையோர நீரில் முட்டையிடும். டேவிஸ் ஏரியில் இத்தகைய கரைகள் ஏராளம். கலிபோர்னியாவுக்கு உரியதல்லாத இம்மீன் 1994இல் இங்கு கண்டறியப்பட்டது. சட்டத்துக்குப் புறம்பாக யாரோ கொண்டுவந்து விட்டதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. அருகிலுள்ள பிரெஞ்ச்மேன் ஏரியில் இதே மீனை ஒழிக்க 1991இல் நஞ்சிட வேண்டியிருந்தது.

டிரவுட் குறைவது உள்ளூர்ச் சிக்கல். அதைவிடப் பெரிய அச்சம் கீழ்நோக்கி இருந்தது. அணையைத் தாண்டும் பைக், ஃபெதர் ஆறு வழியே சாக்ரமெண்டோ ஆற்றையும் கழிமுகத்தையும் அடைந்தால், ஏற்கெனவே நலிந்திருந்த சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்களுக்குப் பேரிழப்பு நேரும்.

1997 முயற்சி

மாநில மீன், வேட்டைத் துறை 1997 அக்டோபரில் ரோட்டினோன் என்ற நஞ்சைக் கலந்தது. டெரிஸ் போன்ற அவரைக் குடும்பத் தாவரங்களின் வேரிலிருந்து பெறப்படும் இப்பொருள் செவுள் வழியாக உடலுக்குள் சென்று, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. வெப்பமும் சூரிய ஒளியும் இதை விரைவில் சிதைக்கும். குளிர்நீரில் நீண்ட நாள் தங்கும்.

அப்போது இந்த ஏரி போர்டோலாவின் குடிநீர் ஆதாரமாக இருந்ததால் மக்கள் கடுமையாக எதிர்த்தனர். ஏரியிலுள்ள மிதவைகளில் தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டும் சிலர் போராடினர். கலவையில் ரோட்டினோனின் வீரியத்தைக் கூட்டச் சேர்த்திருந்த பைப்பெரோனைல் பியூட்டாக்சைடு குளிர்காலம் முழுவதும் நீரில் தங்கியது. ஊருக்கும் மாவட்டத்துக்கும் மாநில அரசு 92 லட்சம் டாலர் இழப்பீடு தந்தது. ஆயினும் 1999 மே மாதம் பைக் மீண்டும் பிடிபட்டது. அவை நஞ்சுக்குத் தப்பியவையா, மீண்டும் விடப்பட்டவையா என்பது உறுதிசெய்யப்படவில்லை.

கட்டுப்பாட்டுக் காலம்

நஞ்சைத் தவிர்த்து, உள்ளூர் மக்களையும் சேர்த்துக்கொண்டு கட்டுப்படுத்தும் திட்டம் 2000இல் தொடங்கியது. வலைகள், மின்னதிர்ச்சி, வெடிகயிறு ஆகியவற்றால் 60,000க்கும் மேற்பட்ட பைக் மீன்கள் அகற்றப்பட்டன. இருந்தும் அவற்றின் பெருக்கம் அடங்கவில்லை. ஒரு பெண்மீன் பல்லாயிரம் முட்டைகள் இடுவதால், தப்பிய சில மீன்களே இழப்பை ஈடுகட்டிவிட்டன.

2007 முயற்சி

நீர்மட்டம் முதலில் ஏறத்தாழ பாதிக் கொள்ளளவுக்குக் குறைக்கப்பட்டது. இதனால் தேவைப்பட்ட நஞ்சின் அளவு குறைந்தது. கரையோரப் புல்வெளிகளும் வறண்டன. நீர் முழுவதும் குளிரும் முன், செப்டம்பர் மாதத்திலேயே ஏரியிலும் அதில் சேரும் ஓடைகளிலும் சுமார் 60,000 லிட்டர் திரவ ரோட்டினோன் கலக்கப்பட்டது. இம்முறை பைப்பெரோனைல் பியூட்டாக்சைடு சேர்க்கப்படவில்லை. போர்டோலா 1997க்குப் பின் ஏரி நீரைக் குடிநீராகப் பயன்படுத்தாததும், பல ஆண்டுப் பேச்சுவார்த்தையும் எதிர்ப்பைத் தணித்தன. செலவு சுமார் 1.6 கோடி டாலர்.

விளைவு

அந்த ஆண்டு டிசம்பரிலேயே டிரவுட் மீன்கள் மீண்டும் விடப்பட்டன. தொடர்ந்து நடந்த கண்காணிப்பில் பைக் தென்படவில்லை. மலை நீர்த்தேக்கங்களில் மீன் ஒழிப்பு வெற்றிபெற, நீரைக் குறைப்பது, வெப்பம் மிஞ்சியிருக்கும் பருவத்தைத் தேர்வது, ஓடைகளையும் விடாமல் நஞ்சிடுவது, உள்ளூர் ஒப்புதலை முன்பே பெறுவது ஆகிய நான்கும் உதவக்கூடும் என்பதை டேவிஸ் ஏரி காட்டுகிறது. கலிபோர்னியாவில் உயிருள்ள பைக் மீனை வைத்திருப்பதும் கொண்டுசெல்வதும் சட்டப்படி குற்றம்.