நவபிருந்தாவனமும் மோரியர் வீடுகளும்

ஆனேகுந்திக்குச் சென்று, துங்கபத்திரையில் படகேறி, நவபிருந்தாவன தரிசனம் செய்து வந்தவர்கள் நம் அங்கத்தினர்களில் பலர் உண்டு. ஸ்ரீ ராகவேந்திரரின் குருவான சுதீந்திர தீர்த்தர், கிருஷ்ணதேவராயர் போற்றிய வியாஸராஜர் உட்பட ஒன்பது மத்வ மகான்கள் அடங்கிய க்ஷேத்திரம் அது. 2019 ஜூலையில் புதையல் ஆசை பிடித்த சிலர் வியாஸராஜரின் பிருந்தாவனத்தையே இரவோடிரவாக உடைத்துப் போட்டார்கள். செய்தி கேட்டுப் பதறாதவர் இல்லை. மடாதிபதிகளும் பக்தர்களும் திரண்டார்கள். சில நாட்களுக்குள் பிருந்தாவனம் மறுபடி எழும்பிவிட்டது.

அதே வட்டாரத்தில், கங்காவதியிலிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில், ஹிரேபெணகல் குன்றின் மேல் இன்னும் பழைய சமாதிகள் இருக்கின்றன. ஒன்றல்ல, இரண்டல்ல, ஏறக்குறைய 400. அவற்றைப் பார்க்காமலேதான் நாம் ஊர் திரும்புகிறோம்.

பெரிய கற்பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடியாக வைத்த அறைகள் அவை. சில பலகைகள் ஆள் உயரத்துக்கும் மேல். பல அறைகளில் ஒரு பலகையில் மட்டும் வட்டமாகத் துவாரம் குடைந்திருக்கிறார்கள். அஸ்தி வைத்தவையும் உண்டு, வெறும் நினைவுக்காக எழுப்பியவையும் உண்டு. உயரமான பாறை ஒன்றின் உச்சியில் முரசு வடிவில் ஒரு கல் இருக்கிறது. கட்டையால் தட்டினால் வெகுதூரம் கேட்கும்! மோரியர் என்ற குள்ள மனிதர்கள் கட்டிய வீடுகள் என்பது ஊர் ஜனங்களின் கதை. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட இடங்களைப் பாண்டவர் குழி என்று சொல்வதில்லையா, அதைப் போல.

இவற்றைப் புதிய கற்காலத்தவை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். ஐரோப்பாவில் அது சரி. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் சமாதிக்குச் சுமார் 5,200 வயது. நம் தென்னிந்தியாவிலோ பெரும்பாலானவை இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை. ஹிரேபெணகலுக்குச் சுமார் கி.மு. 800 முதல் 200 வரை என்று கணக்கு.

இன்று பல அறைகள் சரிந்து கிடக்கின்றன. வயது ஒரு காரணம். இங்கேயும் புதையல் ஆசை மற்றொன்று. தோண்டுபவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பானை ஓடும் எலும்பும்தான். ஆனால் மண்ணைக் கலைத்துவிட்டால், எது எந்த அடுக்கில் இருந்தது என்று ஆராய்ச்சியாளருக்கு அப்புறம் தெரியவே தெரியாது. வியாஸராஜருக்கு மடம் இருக்கிறது, சிஷ்ய பரம்பரை இருக்கிறது, எப்படிக் கட்ட வேண்டும் என்ற சாஸ்திரம் இருக்கிறது. இங்கே அடங்கியவர்களின் பெயரோ பாஷையோகூட நமக்குத் தெரியாது. அழுவதற்கு யார் வருவார்கள்?

2021-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஹிரேபெணகல் இடம்பெற்றது. நம் காஞ்சிபுரம் கோயில்களும் அதே ஆண்டு சேர்க்கப்பட்டவைதான். பட்டியலில் பெயர் வந்ததால் மட்டும் மலையில் காவல் வந்துவிடாது. நாலு பேர் போய் வரும் இடத்தில்தான் கடப்பாரையோடு வருகிறவன் தயங்குவான்.

அடுத்த முறை நவபிருந்தாவன யாத்திரைக்கு ஏற்பாடு செய்பவர்கள் அரை நாள் கூட்டிக்கொள்ளலாம். மேலே வண்டி போகாது, பாறை வழியில் நடந்துதான் ஏற வேண்டும். வெயிலுக்கு முன் கிளம்புங்கள். தண்ணீர் நிறைய எடுத்துச் செல்லுங்கள். பலகைகளின் மேல் ஏறி நின்று போட்டோ மட்டும் எடுக்க வேண்டாம்.