திருப்பூர் வட்டார வரலாற்று, பண்பாட்டு நிகழ்வுகள்

திருப்பூர், அவிநாசி, ஊத்துக்குளி, காங்கயம், உடுமலைப்பேட்டை முதலிய ஊர்களில் பழமையை நினைவுகூரவும் கலைகளைக் காக்கவும் ஊர்க்காரர்களே நடத்திவரும் நினைவுநாள்கள், நடுகல் தேடல்கள், கும்மி அரங்கேற்றங்கள், புத்தகத் திருவிழா ஆகியவை பற்றியது இக்கட்டுரை. கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துத் திருப்பூர் மாவட்டம் அமைந்தது 2009 பிப்ரவரி 22இல்தான். இங்கே இவ்வகைப் பணிகளைத் தூக்கிச் சுமப்பவை பெரும்பாலும் சங்கங்களும் அறக்கட்டளைகளும் தனிமனித ஆர்வமுமே. பனியன் கம்பெனிகளின் ஷிப்டும் ஓவர்டைமும் போக மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை என்பதால், ஊரின் பண்பாட்டு நாட்காட்டியும் ஞாயிறுகளையே நம்பியிருக்கிறது.

குமரன் நினைவு

ஊருக்கு வெளியே திருப்பூர் என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு: பனியன், குமரன். இரண்டுமே நூலோடு தொடர்புடையவை. குமாரசாமி என்ற இயற்பெயருடைய குமரன் 1904 அக்டோபர் 4இல் சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். பிழைப்புக்காகத் திருப்பூருக்கு வந்து பஞ்சாலையில் கணக்கெழுதினார். இன்றும் பிழைப்புத் தேடித்தான் இவ்வூருக்குப் பலரும் வருகிறார்கள். அவர்களுக்கு அவர் முன்னோடி என்றுகூடச் சொல்லலாம். 1932 ஜனவரி 10 அன்று தடையை மீறிச் சென்ற விடுதலைப் போராட்ட ஊர்வலத்தில் போலீசாரின் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தார். கையிலிருந்த தேசியக் கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 27.

பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் ரயில் நிலையம் அருகிலுள்ள நினைவிடத்தில் அரசு சார்பிலும் கட்சிகள் சார்பிலும் மாலை அணிவிக்கிறார்கள். ஊரின் முதன்மைச் சாலைக்கும் அவர் பெயரே. ஆனால் அன்றைய திருப்பூரின் கதர் இயக்கம் ஒரு குமரனோடு முடிந்துவிடுவதில்லை. கதர் உற்பத்தியிலும் விற்பனையிலும் தென்னாட்டின் முக்கிய மையமாக இருந்த ஊர் இது. காந்தி பலமுறை வந்திருக்கிறார். அன்றைய போராட்டங்களில் முன்னின்ற பெண்களுள் ஒருவர் பத்மாவதி ஆஷர். பத்மாவதிபுரம் என்ற பகுதியின் பெயரில் அவர் இருக்கிறார். மேடைப் பேச்சுகளில் அவ்வளவாக இல்லை.

வட்டாரத்தின் பிற ஊர்களிலும் இத்தகைய நினைவுகள் உண்டு. காங்கயம் அருகே மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்து, ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு, 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் நினைவுநாள், ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொங்கு நாடு முழுவதும் கடைப்பிடிக்கப்படுகிறது. பூளவாடியில் பிறந்த திரைப்பாடலாசிரியர் உடுமலை நாராயணகவிக்கு (1899–1981) உடுமலைப்பேட்டையில் நினைவு மண்டபம் உள்ளது.

கல்லைத் தேடுவோர்

திருப்பூரிலிருந்து இயங்கும் வீரராசேந்திரன் தொல்லியல் மற்றும் வரலாற்று ஆய்வு மையமும், உடுமலை வரலாற்று ஆய்வு நடுவமும் இவ்வட்டாரத்தின் ஆர்வலர் அமைப்புகள். முன்னதன் பெயர் கொங்குச் சோழ அரசன் ஒருவனுடையது. இப்படிப்பட்டவர்களின் வேலை எளிமையானது, பொறுமை கேட்பது: தோட்டத்து வேலியோரம் சாய்ந்துகிடக்கும் கல்லைப் பற்றி யாரோ சொல்வார்கள், போய்ப் பார்ப்பார்கள், மாவு பூசியோ படியெடுத்தோ எழுத்தைப் படிப்பார்கள், அடுத்த நாள் நாளிதழில் செய்தி வரும். புலியையோ பன்றியையோ குத்தி மாண்டவனின் நடுகல், மாடுபிடி சண்டையில் இறந்தவனின் கல், வட்டெழுத்துக் கல்வெட்டு என்று பலவும் இப்படித்தான் வெளிச்சத்துக்கு வருகின்றன. ஊரார் மஞ்சள் பூசி ஏதோ சாமி என்று கும்பிட்டுவந்த கல்லுக்கு அதன் பிறகு ஒரு காலமும் கதையும் கிடைக்கின்றன. அந்தக் கும்பிடுதான் அக்கல்லை அத்தனை நூற்றாண்டுகள் காப்பாற்றியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இவர்கள் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடங்களில் ஒன்று, ஊத்துக்குளிச் சாலையில் உள்ள சர்க்கார் பெரியபாளையம் சுக்ரீசுவரர் கோயில். கல்வெட்டுகளில் இவ்விடத்தின் பெயர் குரக்குத்தளி. இன்னொன்று, நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பர். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும் தமிழகத் தொல்லியல் துறையும் இங்கே அகழ்ந்தன. கல்மணி செய்த பட்டறைகள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் ஆகியவற்றோடு நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் வட்டுகளும் கிடைத்தன. சாயக் கழிவால் பின்னாளில் பெயர் கெட்ட அதே ஆற்றின் கரையில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நூற்றிருக்கிறார்கள்.

கும்மியும் உடுக்கையும்

இன்று கிராமங்களில் பெருங்கூட்டத்தைச் சேர்க்கும் நிகழ்வு வள்ளி கும்மி அரங்கேற்றம். ஊர்க்கோயில் மைதானத்தில் இரவில் பயிற்சி நடக்கும். ஆசிரியர் வள்ளி திருமணக் கதையைப் பாடப் பாட, ஒரே நிறச் சேலை கட்டிய பெண்களும் சிறுமியரும் வட்டமாக அடவு வைப்பார்கள். பகலில் பனியன் கம்பெனிகளின் பவர் டேபிளிலும் செக்கிங் மேசையிலும் உழைத்த கால்கள் அவற்றுள் பல. பக்கத்துக் கோவை மாவட்டம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது, கும்மிக் குழுக்களுக்குப் புதிய தெம்பைக் கொடுத்தது.

கும்மிக்குக் கிடைத்த மறுவாழ்வு உடுக்கடிப் பாட்டுக்குக் கிடைக்கவில்லை. பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மார் கதையை இரவிரவாக உடுக்கையடித்துப் பாடிய மரபு அது. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி, 1965இல் அக்கதை முழுவதையும் நாடாவில் பதிவு செய்தார். அது தமிழும் ஆங்கிலமுமாக 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. இவ்வட்டாரத்தின் வாய்மொழி வரலாற்றுப் பணிகளில் இதற்கு இணையானது வேறில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

புத்தகமும் தொழிலும்

பொங்கலுக்குச் சொந்த ஊர் போன தொழிலாளர்கள் திரும்பிவரும் ஜனவரி இறுதியில் திருப்பூர் புத்தகத் திருவிழா நடப்பது வழக்கம். பின்னல் புக் டிரஸ்ட் பாரதி புத்தகாலயத்தோடு சேர்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இதை நடத்திவருகிறது. அனைத்து மாவட்டங்களிலும் புத்தகத் திருவிழா என்று தமிழக அரசு முடிவெடுத்த பின் மாவட்ட நிர்வாகமும் கைகோத்தது. பனியன் துணியின் பின்னலையே டிரஸ்ட் தன் பெயராக வைத்துக்கொண்டது அழகான தேர்வு. திருப்பூர் தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் இலக்கிய விருதுகள் வழங்குகிறது. எழுத்தாளர் சுப்ரபாரதிமணியன் 1987இல் செகந்திராபாத்தில் தொடங்கிய கனவு இதழ், பின்னர் அவரோடு திருப்பூருக்கு வந்து நூல் விமர்சனக் கூட்டங்களுக்கும் குறும்படத் திரையிடல்களுக்கும் களமானது.

குறை என்று ஒன்றைச் சொல்வதானால், தொழிலின் வரலாறு பொது நிகழ்வாக மாறவில்லை. 1978இல் இத்தாலிய வணிகர் வெரோனா வழியாகத் தொடங்கிய ஏற்றுமதியை முதலாளிகள் மேடையில் நினைவுகூர்கிறார்கள். பஞ்சப்படி கேட்டு 1984இல் 127 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தைத் தொழிற்சங்கத்தார் தங்கள் கூட்டங்களில் நினைவுகூர்கிறார்கள். இரு நினைவுகளும் ஒரே அறையில் சந்தித்ததைக் காண்பது அரிது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க, திருப்பூர்ப் பனியன் தொழில் பற்றிய ஷரத் சாரியின் 2004ஆம் ஆண்டு ஆய்வுநூல் உதவும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் மூடச் சொன்ன சாயப்பட்டறைகளின் உலகத்தை அறிய, சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ நாவலே இன்றும் நல்ல வழி.

கொடுமணல் போன்ற இடங்களில் கிடைத்த நொய்யல் நாகரிகத்தின் தொல்பொருள்களுக்கென 22 கோடி ரூபாயில் நொய்யல் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அது அமையவிருப்பது ஈரோடு மாவட்டத்தில்.