சுயேச்சையும் கட்சியின் பிரைமரியும்: பெர்னி சாண்டர்ஸ் போட்டியிட்டதன் நியாயம் குறித்து

ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் போட்டியிடப்போவதாக 2015 ஏப்ரல் 30 அன்று அறிவித்த செனட்டர் பெர்னி சாண்டர்ஸ், அக்கட்சியைச் சேர்ந்தவர் அல்லர். 1981இல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகர மேயராகப் பத்து வாக்கு வித்தியாசத்தில் வென்றது, 1990இல் பிரதிநிதிகள் சபைக்கும் 2006இல் செனட்டுக்கும் போனது எல்லாமே சுயேச்சையாகத்தான். அவையில் அவர் ஜனநாயகக் கட்சியினரின் குழுவோடு அமர்ந்தார். அந்தக் குழுவின் தயவில் முன்னாள் படைவீரர் நலக் குழுவுக்குத் தலைவராகவும் ஆனார். கட்சியின் பெயரை மட்டும் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவர் அடுத்த ஆண்டு கோடைக்குள், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்புகளான பிரைமரிகளில் ஏறத்தாழ 1.3 கோடி வாக்குகளைப் பெற்றார். அவரை வென்ற ஹிலாரி கிளிண்டனுக்குக் கிடைத்தவை சுமார் 1.69 கோடி.

கிளிண்டன் தரப்பின் மனக்குறை அன்றும் இன்றும் ஒன்றுதான்: நாற்பதாண்டுகள் கட்சிக்கு உழைத்தவர்கள் இருக்க, கட்சிக்கே வராத ஒருவர் அதன் விவாத மேடையையும் வாக்காளர் பட்டியலையும் பெயரையும் எடுத்துக்கொள்வது என்ன நியாயம்? பிரைமரி என்பது மக்களுடையது, அதில் யாரும் நிற்கலாம் என்பது சாண்டர்ஸ் தரப்பின் பதில். இரு தரப்பாரும் போட்டியாளரின் கடந்த காலத்தைப் பார்த்தே வழக்காடினார்கள். அமெரிக்கக் கட்சிகளின் அமைப்பைக் கவனித்தால், கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் கருத்து. உள்ளே வருகிறவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்பதில் பயனில்லை. தோற்றால் என்ன செய்வார் என்பதைத்தான் கட்சி கேட்க வேண்டும்.

அமெரிக்கக் கட்சிகளில் உறுப்பினர் அட்டை இல்லை, சந்தா இல்லை, கிளைக் கூட்டத்துக்கு வராதவரை நீக்குவதும் இல்லை. பல மாநிலங்களில் வாக்காளராகப் பதிவு செய்யும்போது கட்சியின் பெயரை எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தப் பதிவேட்டை வைத்திருப்பது அரசு, கட்சி அல்ல. வெர்மான்டில் அதுவும் கிடையாது. நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரிக்கு மனு செய்கிறவர், தான் கட்சியில் பதிவு பெற்றவர் என உறுதி கூற வேண்டும். சாண்டர்ஸ் அதை எப்படிச் செய்ய முடியும் என்று 2015 நவம்பரில் ஆட்சேபம் எழுந்தது. கட்சிப் பதிவே இல்லாத மாநிலத்துக்காரரிடம் பதிவைக் கேட்பதில் பொருளில்லை. வாக்குச்சீட்டுச் சட்ட ஆணையம் ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டது. அடுத்த பிப்ரவரியில் அதே மாநிலத்தில் அவர் 60 விழுக்காடு வாக்குகளோடு வென்றார்.

கடந்த காலத்தை அளவுகோலாக வைத்தால் வரலாறும் இடிக்கிறது. 1940இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளரான வெண்டெல் வில்கி, 1932இல் ஜனநாயகக் கட்சியின் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு வாக்களித்தவர். எந்தத் தேர்தல் பதவியும் வகித்திராத மின்நிறுவனத் தலைவர். பின்னாளில் அதிபரான ஐசன்ஹோவரை இரு கட்சிகளுமே அழைத்தன. தான் குடியரசுக் கட்சிக்காரர் என்று அவர் வாய்திறந்தது 1952 ஜனவரியில், தேர்தல் ஆண்டு பிறந்த பிறகு. டொனால்ட் டிரம்ப் 2001 முதல் 2009 வரை ஜனநாயகக் கட்சி வாக்காளராகப் பதிவாகியிருந்தார். அதற்கு முன்பு சீர்திருத்தக் கட்சியின் வேட்பாளராக முயன்று பார்த்து விலகினார். மைக்கேல் புளூம்பெர்க் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி, சுயேச்சை என மூன்று வண்ணங்களையும் அணிந்து பார்த்துவிட்டு 2020இல் ஜனநாயகக் கட்சியின் மேடைக்கு வந்தார். சாண்டர்ஸ் இவர்கள் எல்லாரையும்விட வெளிப்படையானவர் என்பதாலேயே அவர்மீது கோபம் கூடுதலாக விழுந்ததோ என்று எனக்கு ஐயம் உண்டு.

வேண்டாதவரை விலக்கும் உரிமை கட்சிக்கு இருக்கிறது. அதில் சட்ட ஐயம் இல்லை. எந்தக் கட்சி வாக்காளரும் பங்கேற்கும் திறந்த பிரைமரியின் முடிவுக்குக் கட்டுப்பட்ட பேராளர்களை, வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும் தேசிய மாநாட்டில் அமர்த்தும்படி ஒரு மாநிலம் கட்டாயப்படுத்த முடியாது என்று 1981இல் விஸ்கான்சின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. எந்தக் கட்சிக்காரரும் எந்தக் கட்சியின் வேட்பாளருக்கும் வாக்களிக்கலாம் என்றிருந்த கலிஃபோர்னியாவின் முறையை 2000இல் ரத்து செய்தது. கட்சி என்பது கூடி இயங்கும் சுதந்திரத்தின் வடிவம், யாரோடு கூடுவது என்பதை அதுவே முடிவு செய்யலாம் என்பது இத்தீர்ப்புகளின் அடித்தளம். ஆனால் இதே நீதிமன்றம்தான் 1944இல் ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில், டெக்சாஸ் ஜனநாயகக் கட்சி கறுப்பினத்தவரைப் பிரைமரியிலிருந்து விலக்கியதைச் செல்லாது என்றது. பிரைமரி அரசின் தேர்தல் இயந்திரத்தில் ஒரு பாகம். தனியார் மன்றம் என்று சொல்லித் தப்ப முடியாது என்பது அங்கே சொல்லப்பட்ட நியாயம். பிரைமரிக்கு இந்த இரட்டைத் தன்மை இன்றும் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் பிரைமரிக்கு வாக்குச்சீட்டை அச்சிடுவதும் சாவடியைத் திறப்பதும் வாக்கை எண்ணுவதும் பொதுப்பணத்தில் நடக்கின்றன. வென்றவரின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் முத்திரை மட்டும் கட்சிக்குச் சொந்தம்.

இந்த உரிமை பயன்பட்ட இடங்களைப் பாருங்கள். 1992இல் ஜார்ஜியாவில் முன்னாள் கு கிளக்ஸ் கிளான் தலைவர் டேவிட் டியூக்கின் பெயரைக் குடியரசுக் கட்சி தன் வாக்குச்சீட்டில் சேர்க்கவில்லை. 1996இல் ஜனநாயகக் கட்சியின் தலைவர் டொனால்ட் ஃபௌலர், லிண்டன் லரூஷின் இனவெறிக் கருத்துகளையும் யூத வெறுப்பையும் சுட்டி, அவர் உண்மையான ஜனநாயகக் கட்சிக்காரர் அல்லர் என்று அறிவித்தார். அவர் வென்ற பேராளர்கள் மாநாட்டில் அமரவில்லை. இரண்டு முடிவுகளையும் நீதிமன்றங்கள் ஏற்றன. லரூஷ் கட்சியின் பிரைமரிகளில் பலமுறை நின்றவர். ஆகவே அவரை விலக்கியது பதிவேடு அல்ல, அவர் பேசியவை. சாண்டர்ஸ் பேசியவற்றின் நிலை வேறு. மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி என்பது 2016 முடிவதற்குள் கட்சியின் கொள்கை அறிக்கையிலேயே ஏறிவிட்டது. கட்சி ஏற்றுக்கொள்ளும் கருத்தைச் சொன்னவரைக் கட்சிக்கு அந்நியர் என்பது சற்று விசித்திரமான வாதம்.

இதைவிட அழுத்தமான காரணம் அமெரிக்கத் தேர்தல் முறையிலேயே இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வாக்கு அதிகம் பெற்றவர் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் அம்மாநிலத் தேர்வர் வாக்குகள் முழுவதையும் அள்ளிக்கொள்கிறார். 1992இல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ நாடெங்கும் 18.9 விழுக்காடு வாக்குகள் பெற்றும் தேர்வர் அவையில் ஒரு வாக்குகூடப் பெறவில்லை. 2000இல் ஃபுளோரிடாவில் மூன்றாம் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடர் 97,000க்கும் மேல் வாக்குகள் வாங்கினார். அங்கே குடியரசுக் கட்சியின் புஷ் வென்றது 537 வாக்குகளில். அன்றிலிருந்து ஜனநாயகக் கட்சியினர் நேடரின் பெயரை எப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். வெளியே நின்றால் வாக்கைப் பிரிக்கிறான் என்றும், உள்ளே வந்தால் வீடு புகுந்துவிட்டான் என்றும் ஒரே கட்சி சொல்ல முடியாது. மூன்றாம் கட்சிகள் வாக்குச்சீட்டில் இடம்பெற இத்தனை ஆயிரம் கையொப்பம் வேண்டும் என்றும், பிரைமரியில் தோற்றவர் சுயேச்சையாக நிற்கக் கூடாது என்றும் மாநிலந்தோறும் சட்டம் செய்தவர்கள் இவ்விரு கட்சிகளின் உறுப்பினர்களே. தெருவை மூடியவர்களுக்கு முற்றத்தைத் திறந்துவைக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

எதிர்வாதத்தில் வலுவானது டிரம்பின் பெயர். 1968 வரை வேட்பாளரைத் தீர்மானித்தவர்கள் பெரிதும் கட்சித் தலைவர்களே; அவ்வாண்டு ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். சிகாகோ மாநாட்டின் கலவரத்துக்குப் பின் மெக்கவர்ன்–ஃப்ரேசர் குழு அந்த அதிகாரத்தை வாக்காளர்களிடம் மாற்றியது. பழைய முறை நீடித்திருந்தால் 2016இல் டிரம்ப் குடியரசுக் கட்சியின் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார் என்பார்கள். இருக்கலாம். ஆனால் தென் கரோலினாவில் அவர் 32.5 விழுக்காடு வாக்குகளுக்கு 50 பேராளர்களையும் பெற்றார் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கினர் வேறு ஆட்களைக் கேட்டும் எல்லாவற்றையும் ஒருவருக்கே கொடுத்தது எண்ணும் விதி. 15 விழுக்காடு தாண்டியவர்களுக்கு விகிதப்படி பங்கிடும் ஜனநாயகக் கட்சியின் விதி அங்கே இருந்திருந்தால், அவர் அத்தனை வேகமாக முன்னேறியிருக்க முடியாது. வெளியாள் ஒருவர் சிறுபான்மை ஆதரவோடு கட்சியைக் கைப்பற்றுவதுதான் அச்சம் என்றால், மருந்தை எண்ணிக்கையில் இட வேண்டும்.

கட்சிக்குள் பிறந்து வளர்ந்தவர்கள் கட்சியைக் காப்பார்கள் என்ற நம்பிக்கைக்கும் பெரிய ஆதாரம் இல்லை. 1912இல் பிரைமரிகளில் முன்னணியில் நின்றும் மாநாட்டில் டாஃப்டிடம் தோற்ற தியோடர் ரூஸ்வெல்ட், புதுக் கட்சி தொடங்கிக் குடியரசுக் கட்சியை இரண்டாகப் பிளந்தார். அவர் அக்கட்சியின் முன்னாள் அதிபர். 1980இல் ஜான் ஆண்டர்சன் குடியரசுக் கட்சிப் பிரைமரியை விட்டு வெளியேறிச் சுயேச்சையாக நின்றார். அவர் அக்கட்சியின் நெடுநாள் எம்.பி. 2023 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சியின் போட்டியில் இறங்கி அக்டோபரில் சுயேச்சையானவர் ராபர்ட் கென்னடி ஜூனியர். அந்தக் குடும்பப் பெயரைவிட ஆழமான கட்சி வேர் ஏது? சுயேச்சையான சாண்டர்ஸோ 2016 ஜூலை 12 அன்று கிளிண்டனை ஆதரித்து அவரோடு ஒரே மேடையில் நின்றார். ஃபிலடெல்ஃபியா மாநாட்டில், அவரையே வேட்பாளராக அறிவிக்கும்படி முன்மொழிந்தார்.

கட்சிக்கும் போட்டியாளருக்கும் இடையிலான எழுதாத ஒப்பந்தத்தை அந்த ஆண்டு மீறியது யார் என்று பார்த்தால் விரல் கட்சி அலுவலகத்தை நோக்கித்தான் நீள்கிறது. போட்டியாளர்களிடையே தேசியக் குழு நடுநிலையாக இருக்க வேண்டும் என்பது கட்சியின் சாசனம். மாநாட்டுக்குச் சில நாள் முன்பு வெளியான மின்னஞ்சல்களில் அலுவலர்கள் சாண்டர்ஸை எள்ளியதும் அவருக்கு எதிராக யோசனை சொன்னதும் தெரியவந்து, தலைவர் டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ் பதவி விலகினார். சாண்டர்ஸுக்கு நன்கொடை தந்தோர் ஃபுளோரிடாவில் தொடுத்த வழக்கில், கட்சி நினைத்தால் வேட்பாளரைத் தனி அறையில் கூடியே முடிவு செய்யலாம் என்று கட்சியின் வழக்கறிஞர் வாதிட்டார். வழக்குத் தொடுக்கும் தகுதி வாதிகளுக்கு இல்லை என்று 2017இல் அது தள்ளுபடியானது. சட்டப்படி அந்த வாதம் நிற்கக்கூடும். ஆனால் வேட்புமனுவை வாங்கி, மக்களின் பணத்தைப் போட்டிக்குள் வரவிட்டு, பிறகு அறைக்குள் பேசும் உரிமையை நினைவூட்டுவது கௌரவமான நடத்தை அல்ல.

2018இல் கட்சி செய்த இரு திருத்தங்கள் இந்தப் பாடத்தைப் பாதியாவது கற்றவை. முடிவு இழுபறியாக இருக்கும்போது, பிரைமரியில் தேர்ந்தெடுக்கப்படாமல் பதவியின் பேரில் பேராளர்களாகும் சூப்பர் டெலிகேட்கள் மாநாட்டின் முதல் சுற்றில் வாக்களிக்க முடியாது என்பது ஒன்று. ஜனநாயகக் கட்சிக்காரராகவே போட்டியிட்டு, வென்றால் அப்படியே பதவி வகிப்பேன் என்று வேட்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. சாண்டர்ஸுக்கு வைத்த பூட்டு இது என்றார்கள் சிலர். அவர் 2019 மார்ச்சில் கையெழுத்திட்டார். கடந்த காலத்தைக் கேட்காமல் வருங்காலத்தைக் கேட்பதால் இது சரியான விதி. தோற்றால் எதிர்த்து நிற்க மாட்டேன் என்ற வரியையும் சேர்த்திருக்கலாம்.

தோற்றாலும் வென்றாலும் என்ன செய்வார் என்ற இந்த அளவுகோலைச் சாண்டர்ஸ்மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். அதிபர் தேர்தலில் அவர் அதில் தேறுகிறார், வெர்மான்டில் தேறவில்லை. 2006இலும் 2018இலும் செனட்டுக்கான ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் நின்று வென்று, வேட்பாளர் இடத்தை மறுத்துச் சுயேச்சையாகப் போட்டியிட்டார். கட்சியின் இடம் காலியாயிற்று. அந்த முத்திரையோடு அவரை எதிர்க்க எவரும் வரவில்லை. மாநிலக் கட்சித் தலைவர்கள் இதற்கு உடன்பட்டார்கள் என்பது குற்றத்தைக் குறைக்காது, பங்காளிகளைக் கூட்டுகிறது. பிரைமரிக்குப் போன வாக்காளர் அங்கே தேர்ந்தெடுத்தது தன் கட்சிக்கு ஒரு வேட்பாளரை, கிடைத்தது வெற்றிடம். 2006இல் நடந்ததை வைத்தே 2016இல் கிளிண்டன் ஆதரவாளர்கள் பிடித்திருக்க வேண்டிய வழக்கு இது. அவர்கள் அதை விட்டுவிட்டு நாற்பதாண்டு உழைப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.