அரசன் மதமும் குடிகள் மதமும்

மன்னன் எவ்வழி, மன்னுயிர் அவ்வழி என்பது பழமொழி. சமயத் துறையிலும் அது முற்றும் பொருந்துமா? பிற்கால ரோம சாம்ராஜ்யத்தையும் பல்லவர் காலத் தொண்டை நாட்டையும் அருகருகே வைத்து நோக்குவோம்.

இவ்விரு நாடுகளும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. சூளூர்பேட்டைத் தமிழராகிய நமக்கு நெல்லூர் அண்மையிலுள்ள ஊர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூருக்கருகே உழவர் ஒருவரின் ஏர் செங்கற் கட்டடத்தில் தட்டிற்று. தோண்டியபோது, இடிந்த சிறு கோயிலின் அடியில் ரோமானியக் காசுகள் நிறைந்த சிறு பானை வெளிப்பட்டது. டிராஜன், ஹாட்ரியன் முதலிய 2ஆம் நூற்றாண்டுச் சக்கரவர்த்திகளின் காசுகள் அவை. 408இல் ரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக், பொன், வெள்ளி, பட்டு ஆகியவற்றோடு 3,000 ராத்தல் மிளகையும் திறையாகக் கேட்டான்.

அந்நாட்டில் சமய மாற்றம் அரசாணையின் வழியே விரைந்தது. 313இல் கான்ஸ்டன்டைன் கிறித்துவர்க்கு வழிபாட்டுரிமை வழங்கினான். 380இல் தியடோசியஸ், நைசியா சபை வகுத்த கொள்கையையே குடிகளின் சமயமாக விதித்தான். 391இல் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுதலையும் தடுத்தான். நேற்றுவரை துன்புறுத்தப்பட்டவர் சமயம், 80 ஆண்டுகளுக்குள் பிறரைத் தடுக்கும் அரச சமயமாயிற்று.

தொண்டை நாட்டின் கதை வேறு. முற்காலப் பல்லவர் செப்பேடுகள் முதலிற் பிராகிருதத்திலும் பின்னர் வடமொழியிலும் எழுந்தன. ஓங்கோல் பகுதியைச் சேர்ந்த சேந்தலூரில் கிடைத்த குமாரவிஷ்ணுவின் பட்டயம் பின்வகையினது. அம்மன்னர்கள் வேதியர்க்கு ஊர்களை ஈந்தனர். ஆயினும் லோகவிபாகம் என்னும் சமண நூல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டைத் தன் காலமாகக் குறிக்கின்றது. அது சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458. மேலை ரோம அரசு வீழ்ந்தது அதற்கு 18 ஆண்டுகள் கழித்து, 476இல்.

7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் சமணம் விட்டுச் சைவம் தழுவினான். பாடலிபுரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அக்கற்களைக் கொண்டு திருவதிகையில் சிவாலயம் எடுத்தான் என்று பெரியபுராணம் கூறும். ஆகவே, நம் நாட்டில் கடுமையே இருந்ததில்லை என்று பெருமை பேசுதல் பொருந்தாது.

எனினும், 640ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் பதினாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். சமணரும் பலர் இருந்தனர் என்றார். மன்னன் மதம் மாறியும் குடிகளின் சமயங்கள் மறையவில்லை.

காரணம் என்ன? ரோமில் சட்டமும் அதிகாரிகளும் சமயச் சபைகளும் ஒரே அரசின் கீழ் இயங்கின. தொண்டை நாட்டிலோ பள்ளியும் கோயிலும் அரசர் கொடையோடு வணிகர், ஊரார் கொடையாலும் நிலைத்தன. இங்குச் சமண பௌத்தம் தளர்ந்ததற்கு அரசரின் ஆதரவு குறைந்தது ஒரு காரணம். நாயன்மாரும் ஆழ்வாரும் மக்கள் மொழியிற் பாடி, தலைமுறை தலைமுறையாக உள்ளங்களைக் கவர்ந்தது மற்றொரு பெருங் காரணம்.

நெல்லூர் மாவட்டத்திலிருந்த சூளூர்பேட்டை 2022இல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. காளங்கிக் கரைச் செங்காளம்மனை வணங்குவோர் வழிபாடு அதனால் மாறவில்லை. எல்லைகளை ஆணை மாற்றலாம். வழிபாட்டை மாற்றுவதற்கு மக்கள் மனம் இசைய வேண்டும்.